நாப்பதும் நர்ஸம்மாவும் கோட்டைக்குப் போன கதை

அந்தப் பேருந்தில் ஏறுகிற யாருக்கும் ஓட்டுநரின் சொந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘நாப்பது’. முன்னால் சாலை பாய் விரித்தது போலக் காலியாகக் கிடந்தாலும் வேகம் காட்டும் முள்ளை நாற்பதுக்கு மேல் ஏற விடமாட்டார். அவசரக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். பின்சீட்டிலிருந்து, “அண்ணே, இறங்கித் தள்ளட்டுமா?” என்று குரல் வரும். நாப்பது கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். முள் அசையாது. சந்தைக்கு முட்டை கொண்டுபோகிற அம்மா ஒருத்தி மட்டும் அவர் வண்டியைத் தவிர வேறு எதிலும் கால் வைக்கமாட்டாள். “இந்தத் தம்பி ஓட்டினா, ஊர் மாறினது முட்டைக்கே தெரியாது” என்பாள்.

அவர் வண்டி போவது கடலோரத்துக் கோட்டை ஊருக்கு. பழைய துறைமுகம், பீரங்கிகள் நிற்கிற மதில், கப்பல்காரர்கள் கட்டிய சுங்கக் கட்டடம், எத்தனையோ பேர் மாற்றி மாற்றி அடித்துப் பிடித்த கோட்டை என்று பெயர் வாங்கிய ஊர். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்குகிற நாப்பது, இருபது வருஷமாகப் பார்த்ததெல்லாம் அந்த ஊரின் பேருந்து நிலையத்தைத்தான். முகம் கழுவ ஒரு குழாய், சாப்பிட ஒரு கேன்டீன், டயரைத் தட்டிப் பார்க்கக் கொஞ்சம் நிழல். அரைமணி நேரத்தில் வண்டியைத் திருப்பியாக வேண்டும். கோட்டையின் கொடிக்கம்பம் மட்டும் கேன்டீன் ஜன்னல் வழியாக விரல் நீளத்துக்குத் தெரியும்.

ஒரு நாள், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இறங்கும்போது, “சார், கோட்டைக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டது. தெரியாது என்று சொல்ல நாப்பதுக்கு வாய் வரவில்லை. “நேராப் போய் இடது கை” என்று அதிகாரமாகக் கையை நீட்டினார்.

மறுநாள் அதே ஜோடி அவர் வண்டியிலேயே ஊர் திரும்பியது. அந்தப் பெண் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, “சார், நீங்க காட்டின ஐஸ் ஃபேக்டரி ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தோம்” என்றாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது. நாப்பதும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் உள்ளே என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. காலையில் போகும்போது, மூட்டை கட்டிய இரண்டு சைக்கிள்களை அவர் முந்திக்கொண்டு போயிருந்தார். பாவம், இந்த வெயிலில் என்று இரக்கப்பட்டும் இருந்தார். இப்போது ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போது பார்த்தால், அந்த இரண்டு பேரும் கீழே பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டியும் நாப்பதின் கண் பக்கவாட்டுக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. ஆயுசுக்கும் அந்தப் பாலத்தின் மேலேயே போகிறவர் அவர். அந்தத் தண்ணீர் சில்லென்றிருக்குமா வெதுவெதுப்பாக இருக்குமா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “லீவு மலையா சேர்ந்து கிடக்கு. கோட்டைக்கு சைக்கிள்ல போகப்போறேன்” என்று அறிவித்தார்.

அவர் மனைவி சமையலறை மேடையில் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் கட்டு மாற்றுகிற, ஊசி போடுகிற நர்ஸ் அவள். ஊரில் எல்லோருக்கும் நர்ஸம்மா.

“பஸ்ஸுல உங்களுக்குப் பாஸ் இருக்கே?”

“பஸ்ஸுல நான் சும்மா உட்கார்ந்து போற ஆளா? உனக்கே தெரியும்.”

அவளுக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் மகள் வீட்டுக்குப் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் முன்சீட்டை உதைத்தது. “தம்பி, கிளட்ச்சை விடு. தம்பி, முன்னாடி மாடு” என்று வழி முழுக்க ஒரே பாட்டு. கடைசியில் அந்த ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, “பெரியவரே, நீங்களே ஓட்டுங்க” என்று எழுந்து நின்றுவிட்டான்.

“சரி, சைக்கிளைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு?”

“அதெல்லாம் மறக்குமா? நீச்சலும் சைக்கிளும் ஒருதடவை கத்துக்கிட்டா சாகிறவரைக்கும் மறக்காது.”

“உங்களுக்கு நீச்சல் தெரியாதே.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த துணியோடு கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதோ சொல்வார் என்று எதிர்பார்ப்பது போல. நாப்பது அதற்குள் கண்டக்டருக்குப் போன் போடப் போய்விட்டார்.

கண்டக்டருக்கு ‘சில்லறை’ என்று பட்டப்பெயர். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். “அண்ணே, நீங்க போய் நான் வராம இருப்பேனா? இப்பவே கிளம்பினாலும் நான் ரெடி!” என்று போனிலேயே குதித்தார்.

மறுநாள் காலை, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கிற இரும்பு மூடிமேல் சில்லறை ஒரு சாக்கட்டியால் வழி முழுக்க வரைந்துவிட்டார். இந்த முனையில் டிப்போ, அதையடுத்துச் சர்க்கரை ஆலை, நடுவில் ஆறு, பாலம், அந்த முனையில் கோட்டை. அவ்வளவுதான், விஷயம் வண்டி முழுக்கப் பற்றிக்கொண்டது. தினமும் வருகிறவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து மூடிமேல் குனிந்தார்கள்.

“அண்ணே, கணக்குப் போட்டுட்டேன். நாம பஸ்ஸுல போறது நாப்பது. சைக்கிள்னா அதுல பாதி, இருபதுன்னு வெச்சுக்குவோம். காலையில டீ குடிச்சிட்டுக் கிளம்பினா சாயங்காலம் கோட்டையில டீ!” என்றார் சில்லறை.

“எதுக்கும் ரெண்டு நாளுன்னு வெச்சுக்குவோம். வேடிக்கை பார்க்க வேணாமா?” என்றார் நாப்பது தாராளமாக.

நில அளவை ஆபீஸுக்குப் போகிற சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. சாக்கட்டியைப் பிடுங்கினார். “பஸ் ரோடு தலையைச் சுத்தி மூக்கைத் தொடுது சார். பாலத்துக்கிட்ட இறங்கி ஆத்தங்கரை ரோட்டைப் பிடிங்க. இதோ, இந்த இடத்துல படகு இருக்கு. சைக்கிளையும் ஏத்திப்பான். அக்கரை போனா கடல் வரைக்கும் லாரியே கிடையாது.”

படகு என்றதும் நாப்பதின் நெஞ்சு குபீரென்று பொங்கியது. வண்டி ஓட்டுகிறவனை அதிலிருந்து இறக்கி, வண்டியையே தூக்கி ஒரு படகில் வைப்பார்களாம்! “எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்கப்பா, நான் ரோட்டைப் பார்க்கணும்” என்று சொன்னாரே தவிர, காது முழுக்க அந்த மூடிமேல்தான் இருந்தது. ராத்திரி டிப்போவில் வண்டியைக் கழுவும்போது படம் அழிந்துபோகும். விடிந்தால் வேறொருவர் கையால் புதுசாக ஒரு படம் வரும். ஆறு மட்டும் நாளுக்கொரு பக்கம் வளையும்.

முட்டைக்கார அம்மாதான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். லீவு கிடைத்துவிட்டது என்பதும், நாப்பதுக்குப் பதிலாக வரப்போகிறவன் ‘எண்பது’ என்று பேரெடுத்த இளவட்டம் என்பதும் அவளுக்கு எட்டியிருந்தது.

“நீ ஊர் சுத்தப் போ தம்பி. என் முட்டையெல்லாம் வழியிலேயே ஆம்லெட் ஆகட்டும்.”

“உங்க முட்டைக்கு நான் பொறுப்பும்மா. அவன்கிட்டச் சொல்லி வைக்கிறேன்.”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே அவன் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்” என்றவள், படத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஆற்றங்கரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். “இது எங்க ஊரு. முதல் நாள் ராத்திரி நம்ம வீட்டுலதான் தங்கணும். வேற எங்கயாவது தங்கினேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் பாரு.”

சைக்கிள் கடை வைத்திருந்த மச்சான், நர்ஸம்மாவின் தம்பி, பச்சை நிறத்தில் ஒரு பழைய கியர் சைக்கிளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். “மாமா, இதுல இருபத்தோரு கியர்.”

“பஸ்ஸுக்கே அஞ்சுதான்டா!”

சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் நாப்பதின் கை தன்னாலேயே கண்ணாடியைத் தேடியது. கண்ணாடி இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று மாட்டவைத்தார். வீட்டு வாசலில் நிறுத்தி, இல்லாத தூசியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை துடைத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவின் கறுப்பு சைக்கிள்மேல், ஊரெல்லாம் சுற்றிவந்த புழுதி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சில்லறையும் அவருமாகச் சர்க்கரை ஆலை வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. “அதுவரைக்கும் மேசை மாதிரி ரோடு. ஏத்தம்னு பேருக்குக்கூடக் கிடையாது” என்று நாப்பது சத்தியம் பண்ணியிருந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் மேசைக்குக் கால் முளைத்தது. பெடல் கனத்தது. மூச்சு இரைத்தது. நிமிர்ந்து பார்த்தால் சாலை வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக அந்த ஏற்றத்தை ஏறியது இன்ஜின். அவர் வெறுமனே மேலே உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கியரை மாற்றலாம் என்று விசையைத் தட்டினால், இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடி மிதித்து, அவரே சாயப் பார்த்தார்.

சில்லறை ஏற்கெனவே ஒரு மரத்தடியில் மல்லாந்து கிடந்தார். “அண்ணே, இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே சம்பாதிச்ச இடுப்பு இது. உட்காரச் சொன்னா கோவிச்சுக்குது. என்னை விட்டுடுங்க.”

அடுத்து வந்த பேருந்தில் சைக்கிளோடு ஏறிப் போயே போய்விட்டார். நாப்பது தன் இருபத்தோரு கியரையும் கையால் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் தனியாக நின்றார். நாளைக்கு வண்டியில் என்ன முகத்தோடு உட்காருவது? பாதி உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. முட்டைக்கார அம்மா தலையணைக்கு உறைகூட மாற்றிவிட்டாளாம்.

பின்னால் மணி அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். கறுப்பு சைக்கிள். முன் கூடையில் மருந்துப் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் போல முதுகு வளையாமல், ஆடாமல் அசையாமல் நர்ஸம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். ஆலைக்கு அந்தப்பக்கம் ஒரு நோயாளிக்கு ஞாயிறுதோறும் கட்டு மாற்ற வேண்டும். அவள் சைக்கிளில் கியர் என்ற பேச்சே கிடையாது. அவரை நெருங்கியதும் இறங்கினாள். மூச்சுகூட வாங்கவில்லை.

“சில்லறை அண்ணன் எங்க?”

“பஸ்ல போயிட்டான்.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒண்ணு கேக்கறேன். பஸ்ஸுல வர்றவங்க எல்லார்கிட்டயும் யோசனை கேட்டீங்க. நீ வர்றியான்னு என்கிட்ட ஒருதடவையாவது கேட்டீங்களா?”

நாப்பது திகைத்துப் போனார். “நாள் முழுக்க சைக்கிள் மிதிக்கிறவ... லீவுலயும் உன்னை மிதிக்கச் சொல்றதான்னுதான்...” அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அவள் வரக்கூடும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

“வேலைக்கு மிதிக்கிறது வேறங்க” என்றாள் அவள். சாலையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். “நான் எங்க போய் இறங்கினாலும் அங்க எனக்காக ஒரு புண்ணு காத்துக்கிட்டு இருக்கும். புண்ணே இல்லாத இடத்துக்கு ஒருதடவை சைக்கிள் ஓட்டிப் பார்க்கணும்னு எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையை நாப்பது பலருக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தானே என்று தெரிந்துகொண்டபோது வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “வர்றியா?” என்றார்.

“இப்பக் கேட்டா?”

“இப்பத்தானே எனக்கு மூச்சே வந்துச்சு.”

இப்போது அவள் சிரித்தாள். “வர்றேன். ஆனா ரெண்டு நாள் பிளானெல்லாம் எனக்கு ஆகாது. முதல்ல இந்த சீட்டை ஏத்துங்க. உங்க முழங்கால் ரெண்டும் மூக்குல இடிக்குது.”

புதன்கிழமை, பல வருஷத்துக்குப் பிறகு, நர்ஸம்மா அவர் வண்டியில் ஏறினாள். நேராக முன்னால் வந்து மூடிமேல் குனிந்து, சாக்கட்டியை வாங்கி, இரண்டாவது நாள் முழுவதையும் புறங்கையால் அழித்தாள். “மத்தியான வெயில்ல மிதிக்கக் கூடாது. இங்க படுத்துத் தூங்கணும். படகு மறுநாள் காலையில. மூணாவது நாள் சாயங்காலம் கோட்டை. தாகம் எடுத்தப்புறம் தண்ணி குடிச்சா அது லேட்டு.” சர்வேயர்கூடத் தலையாட்டினார்.

“இதுக்குப் பேருதான் பிளான்” என்றாள் முட்டைக்கார அம்மா. “இத்தனை நாள் நீங்க போட்டது கோலம்.”

அதற்கப்புறம் தினமும் விடியற்காலையில் இரண்டு சைக்கிள்களும் தெருவை விட்டு வெளியேறின. ஏற்றம் தெரியும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். “உங்க பஸ்ஸுக்குச் செய்வீங்களே, அதே மரியாதை உங்க காலுக்கும் கொடுங்க.” எதிரே வருகிற லாரிக்காரன் மனசில் என்ன ஓடும் என்று அவர் அவளுக்குச் சொன்னார். “அவன் உன்னைப் பார்த்துட்டான்னு மட்டும் நம்பிடாத. நாங்கல்லாம் பார்க்கிற மாதிரிதான் இருப்போம்.” அவளுடைய சைக்கிளிலும் கண்ணாடி ஏறியது. அவளுடைய நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸ் ஒப்புக்கொண்டாள். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பைகள் வாய் திறந்து கிடந்தன. அவர் ட்யூப், பம்ப், ஸ்பேனர் என்று திணிப்பார். அவள் பாதியை எடுத்து வெளியே வைப்பாள். “இது சைக்கிளுங்க, ஒர்க் ஷாப் இல்ல.” அவள் மருந்து, பஞ்சு, கட்டுத்துணி என்று வைப்பாள். “இது மட்டும் ஆஸ்பத்திரியா?” என்று அவர் எடுத்து வெளியே வைப்பார். ஒரு வாரத்தில் பைகள் இரண்டும் மெலிந்தன. சமையல் செய்துகொண்டே அவள் பாட்டு முணுமுணுத்தாள். அந்தக் குரலைக் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

கிளம்புகிற நாள் வந்தது. அலாரம் அடிப்பதற்குள்ளேயே இருவரும் விழித்துவிட்டார்கள். மற்றவர் தூங்கட்டும் என்று இருவருமே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். “தூங்கறீங்களா?” என்று அவள் கேட்டதும் இருவரும் ஒரே தாவலில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஆலை ஏற்றத்தில் நாப்பது இறங்கவில்லை. முகம் தக்காளியாகச் சிவந்தது, ஆனால் இறங்கவில்லை. உச்சியில் அவர் போட்ட சத்தத்தில் மின்கம்பியிலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய கண்ணாடியில் ஒரு பேருந்து தெரிந்தது. அவருடைய பேருந்தேதான். எண்பது ஓட்டிக்கொண்டு வந்தான், ஆனால் வண்டி ஊர்ந்து வந்தது. காரணம் பக்கத்தில் வந்ததும் விளங்கிற்று. முட்டைக்கார அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, முள் ஏறும்போதெல்லாம் தோளில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சில்லறை படிக்கட்டில் தொங்கியபடி, “கோட்டை, கோட்டை! ரெண்டு சீட்டு காலி! ஏறிக்கிறீங்களா?” என்று கத்தினார்.

“நீங்க முன்னால போங்க! எங்களுக்கு அவசரமில்ல!” என்று நர்ஸம்மா ஒரு கையை விட்டுவிட்டு ஆட்டினாள். ஜன்னல்தோறும் கைகள் முளைத்தன. தன்னை விட்டுவிட்டுப் போகிற தன் வண்டியின் முதுகு எப்படி இருக்கும் என்பதை நாப்பது அன்றுதான் பார்த்தார். பின்பக்க விளக்கொன்றில் ஒரு கீறல் இருந்தது. திரும்பி வந்து மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர், அடுத்த நிமிஷமே அதை மறந்துபோனார். பாலம் வந்துவிட்டது. வண்டி நேராகப் போக, அவர்கள் ஆற்றங்கரை ரோட்டில் இறங்கினார்கள்.

ஆற்றுத் தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் சில்லென்றும் இருந்தது. முட்டைக்கார அம்மா வீட்டில் எத்தனை முட்டை சாப்பிட்டார்கள் என்பதை நர்ஸம்மா வெளியே சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டாள். மறுநாள் படகில், தன் சைக்கிளை யாரோ தூக்கி வைக்க, நாப்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். படகுக்காரனுக்கு ஒரே ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது நர்ஸம்மா அந்த வாயில் ஒரு ரொட்டித் துண்டை வைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி மேட்டின் மேல் ஏறியதும் காற்று மாறியது. உப்பு வாசனை. கீழே கடல் வளைந்து கிடந்தது. அதன் நுனியில், அலைக்குள் கால் வைத்த மாதிரி கோட்டை. நாப்பது பிரேக்கைப் பிடித்தார். நர்ஸம்மா பிடிக்கவில்லை. “வாங்க!” என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கினாள். அவரும் விட்டார். அன்றைக்கு அவருடைய வேகத்தைக் காட்ட முள் எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

காவலாளியிடம் சைக்கிள்களை ஒப்படைத்துவிட்டு மதிலுக்கு ஏறும் படிக்கட்டில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது, கால்கள் வர மறுத்தன. வட்டமாகச் சுற்றச் சொன்னால் இன்னும் எத்தனை மைல் வேண்டுமானாலும் சுற்றுகிற கால்களுக்கு, மேலே தூக்குவது என்பதே மறந்துபோயிருந்தது. நர்ஸம்மா முயன்று பார்த்தாள். முட்டி மடங்கி, முதல் படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமலே, உட்கார்ந்தபடி பின்பக்கமாக ஒரு படி ஏறினாள். அப்புறம் இன்னொன்று. நாப்பதும் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து ஏறினார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் ஒரு வரிசையாக மரியாதையுடன் ஒதுங்கி வழிவிட்டார்கள். “கோட்டைக்குள்ள இப்படித்தான் ஏறணுமாம்” என்று ஒரு வாண்டு மற்றொன்றிடம் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்துகொண்டது.

மேலே மூன்று பக்கமும் கடல். பீரங்கி ஒன்றின் மேல் வெயில் சூடு இன்னும் இருந்தது. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைக் கல்லில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தான்.

“ஐயா, பூட்டப்போறோம்! இறங்கி வாங்க!”

நாப்பது படிக்கட்டைப் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவைப் பார்த்தார். இறங்குவதைப் பற்றி இரண்டு பேரும் அதுவரை யோசிக்கவே இல்லை.